கன்ட்ரோல் அக்கா மாட்டிய படங்கள்

"கூடை ரெண்டு, கூடை ரெண்டு, நீ எங்க பாத்துட்டு நிக்கிற?"

கன்ட்ரோல் அக்கா வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறார். கைப்பை இன்னும் தோளில்தான் இருக்கிறது, சாவி பல்லிடுக்கில் இருக்கிறது, ஒரு காலில் மட்டும்தான் செருப்பு கழன்றிருக்கிறது. அதற்குள் கண்கள் கூடத்துச் சுவரை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டன. நாணல் கூடை முடையும் பெண்ணின் படத்துக்கு எதிரே போய் நின்று, சட்டத்தின் இடது மூலையில் ஒரு விரலை வைத்து லேசாகக் கீழே அழுத்துகிறார். ஓரடி பின்னால் வந்து பார்க்கிறார். "ம். இப்பத்தான் மனுசியா நிக்கிற."

அடுத்து பானை வனைபவர். அடுத்து கண்ணாடி ஊதுபவர். ஒவ்வொரு படத்துக்கும் இடது மூலையில் ஒரு தட்டு, ஒரு திட்டு. "ஒரு நாள் வீட்ட விட்டு வெளிய போக முடியல. வந்து பாத்தா எல்லாம் வலது பக்கமா எறங்கிக் கெடக்கு. என்னங்க, இன்னைக்கும் லாரி போச்சா?"

அவருடைய கணவர் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்திருக்கிறார். தாளுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வருகிறது. "போச்சு, போச்சு. இன்னைக்கு ரொம்பப் பெரிய லாரி."

அந்தத் தெருவில் லாரி போவது உண்மைதான். ஆனால் படங்களை நகர்த்துவது லாரி இல்லை. செய்தித்தாளுக்குப் பின்னால் இருப்பவர்தான்.

அக்கா வாடகைக் கார் நிறுவனம் ஒன்றில் அழைப்புகளை எடுப்பவர். யாருக்கு வண்டி வேண்டும், எங்கிருந்து எங்கே, எந்த ஓட்டுநர் பக்கத்தில் இருக்கிறார் என்பதெல்லாம் அவர் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். நரைத்த மீசை வைத்த ஓட்டுநர்கள்கூட அவரை "கன்ட்ரோல் அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாளெல்லாம் அவர் அதிகமாகச் சொல்லும் வாக்கியம், "ரெண்டு நிமிஷத்துல வந்துடும் சார்." அந்த வண்டி அப்போதுதான் எங்கோ பெட்ரோல் போட்டுக்கொண்டிருக்கும். இந்த வாக்கியம் வேலையோடு நிற்பதில்லை. வீட்டில் சாப்பாடு இரண்டு நிமிடத்தில் வரும். குளியலறையிலிருந்து அக்கா இரண்டு நிமிடத்தில் வருவார். மகள் பிறந்தபோது, வலி எடுத்து மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தவர், வெளியே தவித்துக்கொண்டிருந்த கணவருக்கு நர்ஸ் மூலம் சொல்லி அனுப்பியதும் அதே செய்திதான். பிள்ளை மறுநாள்தான் வந்தது.

ஹெட்செட் என்பதெல்லாம் பின்னால் வந்தது. முன்பெல்லாம் கனமான கறுப்பு ரிசீவர். வலது கை முகவரியை எழுதும், இடது கை வயர்லெஸ்ஸைப் பிடிக்கும். ரிசீவரைப் பிடிக்க மிச்சமிருந்தது தோள்பட்டை ஒன்றுதான். இடது தோளுக்கும் இடது காதுக்கும் நடுவில் அதை இடுக்கி இடுக்கியே வருடங்கள் ஓடின. பிறகு ஹெட்செட் வந்து கழுத்துக்கு விடுதலை கொடுத்தது. கழுத்துதான் அதை வாங்கிக்கொள்ளவில்லை. அக்காவின் தலை இன்றைக்கும் இடது பக்கம் சற்றுச் சாய்ந்தே இருக்கிறது, யாரோ காதில் ரகசியம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல.

படங்கள் வந்த கதை வேறு. ஒரு வருடம் நிறுவனம் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க நாட்காட்டி அச்சடித்தது. 'நம் பகுதிக் கைவினைகள்' என்று மாதத்துக்கு ஒரு வண்ணப்படம். ஆற்றோரத்துக் கூடை, மலைப்பக்கத்துக் கம்பளி, கடற்கரை வலை, குதிரைச் சேணம், மர பொம்மை என்று அழகழகாகப் படங்கள். தொலைபேசி எண்ணில் மட்டும் ஓர் இலக்கம் தப்பு. அந்த எண் ஒரு மாட்டு வைத்தியருடையது. முதல் கட்டு வெளியே போன அன்றே அவர் நேரில் வந்துவிட்டார். "விடியக்காலைல ஒருத்தர் கூப்பிட்டு, ஸ்டேஷனுக்கு நாலு பேர், ரெண்டு பெட்டிங்கறாரு. நான் பெட்டைன்னு நெனச்சு, சினையான்னு கேட்டுட்டேன்யா!" என்று மேசையில் கையை ஓங்கி அடித்தார். மிச்சக் கட்டுகளைக் குப்பையில் போடச் சொல்லிவிட்டார் முதலாளி. குப்பைத் தொட்டிக்கும் கட்டுகளுக்கும் நடுவில் அக்கா போய் நின்றுகொண்டார்.

வீட்டுக்கு வந்த கட்டுகளிலிருந்து எண் இருந்த அடிப்பகுதி வெட்டப்பட்டது. சட்டம் போடப்பட்டது. ஆணி அடிக்கப்பட்டது. எல்லாம் ஒரே நாட்காட்டியின் பிரதிகள் என்பதால் கூடை முடையும் அதே பெண் அந்த வீட்டில் நான்கு இடங்களில் உட்கார்ந்து கூடை முடைகிறாள். ஆகவே கூடை ஒன்று, கூடை இரண்டு என்று வண்டிகளைப் போல எண் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

எந்தப் படம் எங்கே என்பதற்கு அக்காவிடம் தெளிவான நியாயம் உண்டு. கண்ணாடி ஊதுபவர் கன்னம் உப்ப ஊதுகிறார், எனவே அவருக்கு அடுப்பங்கரை. வலை முடைபவருக்குத் தண்ணீர் வேண்டும், எனவே குளியலறை. ஆனால் அவர் முகம் கதவைப் பார்த்து இருந்ததால் குளிப்பவர்களுக்குச் சங்கடமாகிவிட்டது. அவரைத் துணி காயும் பால்கனிக்கு அனுப்பினார். கம்பளி நெய்பவள் கட்டிலுக்கு மேலே. சேணம் தைப்பவர் செருப்பு அலமாரிக்கு மேலே. "அவரு பாத்துட்டு இருந்தாருன்னா செருப்புங்க அங்கங்க ஓடாது" என்பது விளக்கம். சில சமயம் காரணம் எதுவும் இல்லாமலேயே இடமாற்றம் நடக்கும். "கூடை மூணு ரொம்ப நாளா ஸ்டாண்ட்லயே சும்மா நிக்குது. கொஞ்சம் படுக்கையறைப் பக்கம் ஓடிட்டு வரட்டும்."

எல்லாப் படங்களும் ஒரே அளவுக்கு இடது பக்கம் தாழ்ந்திருக்கும். அக்காவின் தலை எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ, மிகச் சரியாக அவ்வளவு. அந்தத் தலையிலிருந்து பார்க்கும்போது அதுதான் நேர்.

புதிதாக வருபவர்களுக்குத்தான் கஷ்டம். கூடத்தில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவர்கள் உடம்பு தானாக இடப்பக்கம் சாயத் தொடங்கும். படகில் உட்கார்ந்ததுபோல நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். மகளின் கல்லூரித் தோழி ஒருத்தி காபியைத் தன் மடியிலேயே ஊற்றிக்கொண்டாள். "உங்க வீட்டுத் தரை சரிவா இருக்குடி" என்று வாசலில் மகளிடம் சொல்லிவிட்டுப் போனாள். "தரை இல்லடி, எங்கம்மா" என்றாள் மகள்.

இந்த வீட்டில் இருக்கும்படி விதிக்கப்பட்ட கணவர் என்ன தொழில் செய்பவராக இருக்க வேண்டும்? தராசு பழுது பார்ப்பவர். காய்கறிக் கடை, மருந்துக் கடை, நகைக் கடை என்று போய், எடைக்கல் பெட்டியைத் திறந்து, தராசு சரியாக இருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. "முள்ளு நடுவுல நிக்கலன்னா என் பேனா நிக்காது" என்பார். சொந்த அண்ணனின் பலசரக்குக் கடைத் தராசு ஒரு கடுகளவு தப்பு என்று கையெழுத்துப் போட மறுத்ததால், அண்ணி இன்றுவரை அவருக்குத் தண்ணீர் கொடுப்பதில்லை. தெருவில் ஒரு பெயர்ப்பலகை சாய்ந்திருந்தால் போதும், அவர் அந்தத் தெருவிலேயே போகமாட்டார்.

அக்காவின் படங்களிலேயே பெரியது, நாட்காட்டியின் அட்டை முழுவதையும் அடைத்து வந்த, பித்தளைத் தராசு செய்யும் ஒரு கைவினைஞரின் படம். வேலை முடிந்த தராசை அவர் ஒரு கையால் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார். தண்டு நேராக இருக்கிறது. இரண்டு தட்டுகளும் ஒரே உயரத்தில் அசையாமல் நிற்கின்றன. "இது உங்களுக்காகவே வந்த வண்டிங்க" என்று அதைக் கணவர் உட்காரும் நாற்காலிக்கு எதிரே, அவர் கண்ணுக்கு நேராக மாட்டினார் அக்கா. ஆசையாகத்தான் மாட்டினார். மாட்டியது இடது பக்கம் தாழ்ந்திருந்தது. எந்தத் தட்டிலும் எதுவும் இல்லாத ஒரு தராசு, இடது பக்கம் இறங்கி நிற்கிறது. தராசுக்காரரான கணவர் நிமிரும்போதெல்லாம் அது கண்ணில் பட்டது. வாயில் வைத்த கவளம் தொண்டையிலேயே உட்கார்ந்துகொண்டது.

சொல்லிவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதற்கு ஒரு கதை உண்டு.

படங்கள் வருவதற்கு முன்னால், நிறுவனத்தின் ஆண்டு விழாவுக்கு எல்லோரையும் நிற்க வைத்துப் புகைப்படம் எடுத்தார்கள். "அந்த ஓரத்துல நிக்கிற அம்மா, தலைய நேரா வைங்க" என்றார் புகைப்படக்காரர். அக்கா வைத்தார். "நேரா வைங்கம்மா." வைத்தார். "அட, நேரா!" கடைசியில் ஓர் ஓட்டுநர் வரிசையிலிருந்து வந்து, காரின் பக்கக் கண்ணாடியைத் திருப்புவதுபோல அக்காவின் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி வைத்தார். கூட்டம் முழுவதும் சிரித்தது. அக்காவும் சிரித்தார்.  எது கேட்டாலும் இரண்டு நிமிடம் என்று சொல்பவர், அன்று வீட்டுக்கு வந்து அதைக்கூடச் சொல்லவில்லை. துண்டைக் கழுத்தில் போட்டு இழுத்து இழுத்துப் பயிற்சி செய்தார். எண்ணெய் தேய்த்தார். தலையணையை மாற்றினார். குடும்பத்தில் யார் கேமராவை எடுத்தாலும் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார்.

பிறகு ஒரு முகக்கண்ணாடி வாங்கிவந்து கூடத்தில் தானே மாட்டினார். மறுநாள் அவர் போட்ட சத்தத்தில் தராசுக்காரர் சோப்பு நுரையோடு ஓடிவந்தார்.

"என்னங்க! பாருங்களேன்! நேராயிடுச்சு!"

தராசுக்காரர் பார்த்தார். கண்ணாடி இடது பக்கம் சாய்ந்திருந்தது. கண்ணாடிக்கு எதிரே அக்காவின் தலையும் அதே அளவு சாய்ந்திருந்தது. கண்ணாடியின் சட்டத்துக்குள் அந்த முகம், சுவர்க் கடிகாரத்துக்குள் பன்னிரண்டு மணி முள் நிற்பதுபோல, நட்டநடுவில் நிமிர்ந்து நின்றது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். நுரை உள்ளே போயிற்று. அக்காவின் முகம் அப்படி ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"ஆமா," என்றார் தராசுக்காரர். "நேராத்தான் இருக்கு."

தப்பான தராசுக்கு அவர் கையெழுத்துப் போட்டது அன்றுதான் முதல் முறை. கழுத்து சரியாகிவிட்ட அந்தத் தெம்பில்தான் அக்கா படங்களை மாட்டவே தொடங்கினார். இப்போது போய்ப் படம் கோணல் என்றால், எதனால் கோணல் என்று கேள்வி வரும். அந்தக் கேள்வி புகைப்படக்காரரிடம் போய் நிற்கும்.

ஆகவே தராசுக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். மின்தராசுகளுக்கு அடியில் பொத்தான் போல வட்டமாக ஒரு கண்ணாடி வில்லை இருக்கும். உள்ளே ஒரு நீர்க்குமிழி. தராசு மட்டமாக இருந்தால் குமிழி நடுவில் இருக்கும் வளையத்துக்குள் வந்து நிற்கும். உடைந்த தராசு ஒன்றிலிருந்து அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அக்கா காலையில் வேலைக்குப் போனதும், வில்லையை ஒவ்வொரு சட்டத்தின் மேலும் வைத்து, எல்லாப் படங்களையும் நேராக்குவார். சாயங்காலம் அவர்தான் முதலில் வீடு திரும்புவார். நேராக நிற்கும் தராசுப் படத்தின் எதிரே உட்கார்ந்து நிம்மதியாக ஒரு டீ. பிறகு அக்கா வருவார், எல்லாவற்றையும் இடப்பக்கம் தட்டிவிடுவார். முகக்கண்ணாடியை மட்டும் தராசுக்காரர் ஒருநாளும் தொட்டதில்லை. அதைத் துடைக்கும்போதுகூட ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு துடைப்பார்.

"காலை ஷிஃப்ட் அப்பா, சாயங்கால ஷிஃப்ட் அம்மா. நடுவுல ஆணிதான் பாவம்" என்பாள் மகள்.

"லாரி அதிருதும்மா" என்பார் தராசுக்காரர், மகளின் கண்ணைக்கூடப் பார்க்காமல்.

ஒரே ஒரு முறை மாட்டிக்கொள்ளப் பார்த்தார். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்த அக்கா, "ஏங்க, உங்க எல்லாச் சட்டைப் பையிலயும் வட்டமா ஏதோ பதிஞ்சிருக்கே, என்னது?" என்று கேட்டார்.

"மாத்திரை டப்பா."

"என்ன மாத்திரை?"

"தலைவலிக்கு."

"அடடா, பாவம்," என்றார் அக்கா. "இந்த லாரிச் சத்தம்தான்."

லாரியின் மேல் பழியைப் போட்டுவிட்டு வசதியாக இருந்த தராசுக்காரர், தான் கல்யாணம் செய்திருப்பது ஒரு கன்ட்ரோல் அக்காவை என்பதை மறந்துவிட்டார். அக்கா சாலைப் பராமரிப்பு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் புகார் செய்யத் தொடங்கினார். ஒரு முறை செய்து விடுபவரா அவர்? அலுவலக இடைவேளையில் செய்வார், பஸ்ஸில் செய்வார், வெங்காயம் நறுக்கிக்கொண்டே செய்வார். காத்திருக்கச் சொல்லி அவர்கள் பாட்டுப் போட்டால் கூடவே பாடுவார்.

"மேடம், ஆள் கெளம்பிட்டாரு, இப்ப வந்துடுவாரு" என்றது ஒருநாள் மறுமுனை.

"தம்பி, அந்தப் பொய்யக் கண்டுபுடிச்சதே நாங்கதான்," என்றார் அக்கா. "ஆள் இன்னும் சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. தட்டுச் சத்தம் எனக்குக் கேக்குது. கைய கழுவிட்டு வரச் சொல்லுங்க."

மறுமுனை ஆடிப்போய்விட்டது. அந்த வார விடுமுறை நாளிலேயே ஒரு ரோடு இன்ஜினியர் வந்து அதிர்வை அளப்பார் என்று பதில் வந்தது. தராசுக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதிர்வு இல்லை என்று அந்த ஆள் சொல்லிவிட்டால், படத்தை நகர்த்துவது யார்? யார் என்று தெரிந்தால், ஏன்? ஏன் என்று தெரிந்தால், அந்த முகக்கண்ணாடி?

"ஒரு ரெண்டு படத்தை எறக்கி வச்சுட்டா என்னம்மா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"சாட்சிய எறக்கி வச்சுட்டு யாராவது புகார் குடுப்பாங்களா? நீங்க சும்மா ஒக்காருங்க" என்றார் அக்கா.

இன்ஜினியர் சின்ன வயதுக்காரர். புதிதாக வேலையில் சேர்ந்தவர். தலைக்கவசம் போட்டு அழுந்திய முடி, தோளில் ஒரு பெரிய பை. அக்கா கதவைத் திறந்ததும் பழக்கத்தில், "வாங்க சார், எங்க ஏத்தணும்?" என்று கேட்டுவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஒக்காருங்க, ஒக்காருங்க" என்றார்.

அவர் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுங்கதான் சார். காலைல நேரா விட்டுட்டுப் போறேன். சாயங்காலம் வந்தா வலது பக்கம் எறங்கிடுது."

"எல்லாமேவா மேடம்?"

"எல்லாமே. வரிசையா, சொல்லி வச்ச மாதிரி."

இன்ஜினியர் யோசித்தார். "அதிர்வுன்னா ஒண்ணு இப்படிப் போகும், ஒண்ணு அப்படிப் போகும். இவ்ளோ ஒழுக்கமான லாரிய நான் பாத்ததில்ல மேடம்."

தராசுக்காரருக்கு இருமல் வந்தது. மகள் சோபாவில் ஒரு தலையணையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு டம்ளர் தண்ணி கெடைக்குமா?" என்றார் இன்ஜினியர். அக்கா தண்ணீரோடு பிஸ்கட்டும் கொண்டுவந்தார். அவர் குடிக்கவில்லை. டம்ளரைத் தரையில் வைத்து, தானும் குப்புறப் படுத்து, தண்ணீர் நடுங்குகிறதா என்று மூக்கு இடிக்கப் பார்த்தார். எல்லோரும் லாரிக்காகக் காத்திருந்தார்கள். நாளெல்லாம் வரிசையாகப் போகும் லாரி அன்று ஒன்றுகூட வரவில்லை. ஒரு சைக்கிள் போயிற்று. ஒரு நாய் குரைத்தது.

"ரெண்டு நிமிஷத்துல வந்துடும் சார்" என்றார் அக்கா.

இன்ஜினியர் படுத்தபடியே ஒரு பிஸ்கட் சாப்பிட்டார். இன்னொன்றும் சாப்பிட்டார். கடைசியில் ஒரு லாரி வந்தது. சாதாரண லாரி இல்லை, கம்பி ஏற்றிய லாரி. தெரு முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டு, ஊரையே எழுப்பிக்கொண்டு போயிற்று. டம்ளர் தண்ணீர் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஒரு வளையம்கூட இல்லை.

"அதிர்வே இல்லையே மேடம்" என்று எழுந்து சட்டையைத் தட்டினார். பிறகு பையிலிருந்து மஞ்சள் நிற ரசமட்டம் ஒன்றை எடுத்தார். கொத்தனார்கள் சுவர் மட்டம் பார்ப்பார்களே, அந்தக் குமிழிக் கட்டை. அதைத் தராசுப் படத்தின் மேல் வைத்தார். குமிழி வலது கோடிக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. "மேடம், இது இப்பவே கோணலாத்தானே இருக்கு?"

"இப்பவா? நீங்க வர்றதுக்கு முன்னாடிதான் சார் எல்லாத்தையும் நேரா வச்சேன்."

"இல்ல மேடம், இடது பக்கம் எறங்கியிருக்கு." கூடை இரண்டின் மேல் வைத்தார். பானைக்காரர் மேல் வைத்தார். "எல்லாமே அதே அளவுக்கு எறங்கியிருக்கு." திரும்பி அக்காவைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்திலேயே அவர் முகத்தில் ஏதோ புரிந்ததுபோல ஒரு வெளிச்சம் வந்தது. "மேடம், நீங்க கொஞ்சம்... தலைய நேரா வச்சுப் பாருங்களேன்."

 மகள் தலையணையை இறக்கினாள்.

"என் தலை நேராத்தான சார் இருக்கு?" என்றார் அக்கா. முகக்கண்ணாடியை ஒரு முறை பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். "என்னங்க? நேராத்தான இருக்கு?"

ஆண்டு விழாப் புகைப்படத்தன்று வீட்டுக்கு வந்த அதே முகம். தராசுக்காரர் எழுந்தார். அண்ணன் கடைத் தராசு நினைவுக்கு வந்தது. அண்ணி கொடுக்காத தண்ணீர் நினைவுக்கு வந்தது. 

"தம்பி, அந்த மட்டத்தக் குடுங்க."

வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலால் தட்டினார். காதில் வைத்துக் கேட்டார். ரசமட்டத்தைக் காதில் வைத்துக் கேட்டவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

"இது தப்பு" என்றார்.

"சார், இது புதுசு."

"புதுசுதான் தப்பு பண்ணும். குமிழி இன்னும் பழகல."

"சார், திருப்பி வச்சாலும் அதே பக்கம்தான ஓடுது? மட்டம் தப்புன்னா பக்கம் மாறணுமே?" கட்டையை வாங்கித் திருப்பி வைத்துக் காட்டினார் இன்ஜினியர். குமிழி மறுபடியும் வலது கோடிக்கே ஓடியது.

தராசுக்காரரின் காது இரண்டும் சிவந்துவிட்டன. "அப்ப ரெண்டு பக்கமும் தப்பு" என்றார். "நான் தராசு பாக்கறவன். எந்தக் கடையில வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. இந்த வீட்டுல எல்லாம் நேரா இருக்கு. படமும் நேரா இருக்கு, இவ தலையும் நேரா இருக்கு. வேணும்னா எழுதிக் கையெழுத்தே போட்டுத் தர்றேன்."

பேனாவைக்கூட எடுத்துவிட்டார்.  அக்காவின் முதுகுக்குப் பின்னால் மகள் இன்ஜினியரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பி, கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தாள். இன்ஜினியர் மகளைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். நல்ல பிள்ளை. ரசமட்டத்தைப் பையில் போட்டார்.

"இருக்கும் சார். ஆபீஸ் சாமான். பல பேரு கை பட்டது." வாசலில் நின்று, ஏதாவது செய்தாக வேண்டுமே என்பதுபோல, "வீட்டுக்கு முன்னாடி ஒரு வேகத்தடை போடச் சொல்லி எழுதறேன் மேடம்" என்றார்.

வேகத்தடை போட்டால் ஒவ்வொரு லாரியும் அதில் ஏறித் தொம்மென்று இறங்கும். இனிமேல் நிஜமாகவே அதிரும். தராசுக்காரருக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

கதவு சாத்தப்பட்டது. அக்கா தரையில் இருந்த டம்ளரை எடுத்து மேசையில் வைத்தார். பிஸ்கட் தட்டில் மிச்சம் எதுவும் இல்லை. சுவர் முழுவதையும் ஒருமுறை மெதுவாகப் பார்த்தார். பிறகு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்ட கணவரின் எதிரே வந்து நின்றார். ஒன்றும் கேட்காமல் அவர் சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டார்.

"அது... மாத்திரை..." என்றார் தராசுக்காரர்.

கண்ணாடி வில்லை வெளியே வந்தது. உள்ளே குமிழி ஆடிக்கொண்டிருந்தது. அக்கா அதை எடுத்துக்கொண்டுபோய் முதலில் முகக்கண்ணாடியின் சட்டத்தின் மேல் வைத்தார். குமிழி ஒரே ஓட்டமாக வலது பக்கம் ஓடியது. குமிழியைப் பார்த்தார். கண்ணாடிக்குள் இருந்த முகத்தைப் பார்த்தார்.  

"ரெண்டு பக்கமும் தப்பாம்" என்றார் அக்கா. கணவரின் குரலிலேயே சொன்னார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு குலுங்கியது, பிறகு சுவரில் கை ஊன்றிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "காதுல வேற வச்சுக் கேட்டாருடி உங்கப்பா!"

முகக்கண்ணாடியை அப்படியே விட்டுவிட்டார். வில்லையோடு தராசுப் படத்துக்குப் போனார். சட்டத்தின் மேல் அதை வைத்து, எப்போதும்போல் இடது பக்கம் சாய்ந்த தலையோடு, படத்தைப் பார்க்காமல் குமிழியை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒரே விரலால் இடது மூலையை மேலே தள்ளினார். குமிழி நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினார். வளையத்துக்குள் வந்து நின்றது. இரண்டு தட்டுகளும் ஒரே உயரத்துக்கு வந்தன. அக்காவின் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்பது அவர் முகம் ஒரு நொடி சுளித்ததில் தெரிந்தது.

ஆனால் மறுபடி அதைத் தொடவில்லை. திரும்பி வந்து, வில்லையைக் கணவரின் சட்டைப் பைக்குள் போட்டு, வெளியே விழாதபடி பொத்தானை மாட்டிவிட்டார்.